ஓட்டத்தை விடப்போவதாக எழுதிய மகளுக்கு

கோட்டைப்பட்டினம்

அன்புள்ள காமாட்சி,

உன் கடிதம் வந்து நாலைந்து நாளாகிறது. பதில் போடத் தாமதமானதற்கு வேலை மட்டும் காரணம் இல்லை. படித்த கையோடு எழுதியிருந்தால் கோபமாக எழுதியிருப்பேன். மறுநாள் எழுதியிருந்தால் அழுதுகொண்டே எழுதியிருப்பேன். இன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் கூட்டம் இல்லை. டாக்டர் ஏதோ மீட்டிங் என்று அறந்தாங்கிக்குப் போயிருக்கிறார். மருந்து கட்டுகிற அறையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மனசு நிதானமாக இருக்கிறது. இது நீளமான கடிதமாகத்தான் போகும். ஹாஸ்டலில் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரமாக இருந்தால் மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வந்து படி. நீ பட்டினியோடு எதைப் படித்தாலும் தப்பாகத்தான் அர்த்தம் பண்ணிக்கொள்வாய்.

நீ எழுதியிருந்ததை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் எம்.எஸ்சி. கணிதம் நினைத்ததைவிடக் கடினமாக இருக்கிறது. உன் புரொபசர் உன்னைக் கூப்பிட்டு, மைதானத்தில் செலவழிக்கிற நேரத்தைப் புத்தகத்தில் செலவழித்தால் முதல் வகுப்பு நிச்சயம் என்கிறார். மாலையில் நீங்கள் சில மாணவர்கள் சேர்ந்து கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறீர்கள். அந்த நண்பர்கள், ஊர் இப்படிக் கிடக்கும்போது வட்டம் வட்டமாக ஓடி யாருக்கு என்ன லாபம் என்கிறார்கள். பல்கலைக்கழக அணிக்கு நானூறு மீட்டர் தேர்வு அடுத்த மாதம். மூன்றையும் இழுத்துக்கொண்டு போக உன்னால் முடியவில்லை. அதனால், “ஓட்டத்தை விட்டுவிடப் போகிறேன் அம்மா. மூன்றில் அது ஒன்றுதான் எனக்காக மட்டும் நான் செய்வது. அது சுயநலம்” என்று எழுதியிருக்கிறாய். நான் சம்மதம் சொல்ல வேண்டும் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். எனக்குச் சம்மதம் இல்லை.

ஏன் என்று சொல்வதற்கு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். உன் அப்பா சமஸ்தானத்து ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம், புது சர்க்காரில் வேலை நிலைக்குமா என்ற கவலையோடு ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, அவர் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமலே போய்விட்டார். உனக்கு அப்போது நாலு வயது. நார்த்தாமலைப் பக்கம் அவர் ஊரில் போய் அண்ணன் தம்பி நிலத்தில் ஓரமாக உட்கார எனக்கு மனசு வரவில்லை. உன்னைப் புதுக்கோட்டையில் உன் மாமா வீட்டில் விட்டுவிட்டு மிட்வைஃப் படிப்புக்குப் போனேன். அதிலிருந்து என் வாழ்க்கை ஊர் ஊராக மாற்றலாகிக் கடைசியில் இந்தக் கடற்கரைக்கு வந்து நின்றுவிட்டது. உன்னைப் பக்கத்தில் வைத்து வளர்க்க முடியவில்லை. விடுமுறைக்கு நீ என்னிடம் வருவாய். ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி வளர்ந்திருப்பாய்.

நீ ஓடுகிறவள் என்பதே எனக்கு உன் மாமா மூலமாகத்தான் தெரிந்தது. பள்ளிக்கூட விளையாட்டு விழா முடிந்த மறுநாள் பஸ் ஏறி இங்கே வந்துவிட்டான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, “அக்கா, ஒம் மக பாவாடையத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஓடுறா. ஊரே பாக்குது. நாளைக்கு எவன் கட்டுவான்?” என்றான். நான் குழந்தை பிறந்த வீட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன், கைகூடக் கழுவவில்லை. “பாக்கட்டும்டா. அவள எவனாச்சும் ஓடிப் புடிச்சான்னா வந்து சொல்லு, கட்டி வைப்போம்” என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப்பிறகு அவனே உனக்குக் கேன்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்ததும், திருச்சியில் நீ காலேஜில் சேர்ந்தபோது ஊரில் எல்லோரிடமும் “எங்கக்கா மக காத்து மாதிரி” என்று சொல்லிக்கொண்டு திரிந்ததும் உனக்குத் தெரியும். அதனால் ஓட்டத்துக்கு நம் வீட்டில் ஒருநாளும் தடை இருந்ததில்லை. இன்று தடை சொல்வது நீதான். நீ ஏன் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அது புரொபசராலும் இல்லை, அந்த நண்பர்களாலும் இல்லை. அந்தப் புயல் வருஷத்திலிருந்து உனக்குள் கிடக்கிறது.

அந்த மார்கழிப் புயலில் கடல் ஊருக்குள் வந்தது. நீ அப்போது திருச்சியில் பி.எஸ்சி. கடைசி வருஷம். அரையாண்டு விடுமுறைக்கு வந்தவள், காலேஜில் சேவைக் குழுவில் இருந்த பழக்கத்தில், மறுநாளே சேலைத் துணியைக் கிழித்துக் கட்டுப்போட உட்கார்ந்துவிட்டாய். காற்றில் செத்தவர்களைவிடத் தண்ணீரில் செத்தவர்கள் அதிகம். கிணறெல்லாம் உப்பும் சாக்கடையும் கலந்துபோய், கரையோரம் முழுக்க வாந்திபேதி கிளம்பிவிட்டது. காலரா ஊசி போட வந்த ஆண்களை முஸ்லிம் வீடுகளில் பெண்கள் இருக்கிற உள்கட்டுக்கு விடவில்லை. மீனவர் வீடுகளிலும் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நானும் நீயும்தான் உள்ளே போனோம். நான் ஊசி போட, நீ குழந்தைகளைப் பிடித்துக்கொண்டாய். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னால், “வெறகுக்கு எங்கிட்டுப் போறது?” என்று கேட்டார்கள். நீ உடைந்துபோன தோணிப் பலகைகளை இழுத்து வந்து வாசல் வாசலாகப் போட்டாய். ராத்திரி பாயில் விழுந்தால் பேசக்கூடத் தெம்பிருக்காது. அப்படியும் விடியற்காலையில் எழுந்து நீ கரையில் ஓடிவிட்டு வருவாய், ரிலே அணியில் இடம் கிடைத்திருந்ததால். வடக்கே எங்கேயோ பல்கலைக்கழகங்களுக்கு இடையே போட்டி. சென்னையில் அணியோடு சேர்ந்து ரயில் ஏற வேண்டும். நாலு பேர் ஓடுகிற ரிலேயில் கடைசியாக ஓடுகிறவள் நீ.

நீ கிளம்ப வேண்டிய நாளும் வந்தது. மத்தியானம் கோட்டைப்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்தால், சாயங்காலம் திருச்சி போய் ரயிலில் ஏறலாம். அன்று காலையில்தான் தெற்கே இருக்கிற அந்தச் சின்ன மீனவக் கிராமத்திலிருந்து ஆள் வந்தது. வழியில் இருந்த ஓடை உடைத்துக்கொண்டு ரோடு போய்விட்டது, ஜீப் போகாது. டாக்டரும் நானும் கரையோடு நடந்தே போனோம். “பஸ்ஸுக்கு நேரமிருக்கும்மா, கூட வந்து பாத்துட்டு அப்படியே திரும்பிர்றேன்” என்று நீயும் வந்தாய். அங்கே போனால் பள்ளிக்கூடக் கொட்டகையில் பாய் விரித்து ஆட்களைப் போட்டிருக்கிறார்கள். கொண்டுபோன சலைன் பாட்டில்கள் எல்லாம் ஏறிக்கொண்டிருக்கின்றன. அதற்கும் மேல் இரண்டு பேர் கிடக்கிறார்கள். முனியசாமி என்ற மீனவர். ருக்கியா என்ற சின்னப் பெண், கைக்குழந்தைக்காரி. இரண்டு பேருக்கும் கண் குழிந்து, விரல் தோல் சுருங்கி, நாடி பிடிபடவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் பாட்டில் இருக்கிறது. கொண்டுவர ஆள் வேண்டும். தோணிகள் எல்லாம் நொறுங்கிக் கிடந்தன. அங்கிருந்த ஆண்களில் பாதிப்பேர் படுக்கையில். மீதிப்பேர் புயலுக்குப்பிறகு சரியாகச் சாப்பிடாதவர்கள். “நான் போறேன்” என்றாய். டாக்டர், “நடந்து போய்ட்டு வந்தா பொழுது சாஞ்சிரும்மா” என்றார். “நடக்கல சார்” என்றாய்.

தாவணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நீ கிளம்பியதை நான் கொட்டகை வாசலில் நின்று பார்த்தேன். அதை நான் உன்னிடம் இதுவரை பேசியதில்லை. ஈர மணல் இறுகிக் கிடந்த அலையோரமாகப் பார்த்து நீ ஓடினாய். உள்ளே ஆள் செத்துக்கொண்டிருக்கிறது; பின்னால் ருக்கியாவின் குழந்தை கத்துகிறது. அப்போதும் உன் உடம்பு சந்தோஷப்பட்டது, காமாட்சி. தோள் தளர்ந்து, கழுத்து நிமிர்ந்து, பிறந்ததே இதற்குத்தான் என்பது போல நீ ஓடினாய். எத்தனையோ பிரசவம் பார்த்தவள் நான். உடம்பு சந்தோஷப்படுவதும் வேதனைப்படுவதும் எனக்குத் தெரியாமல் போகாது.

அதற்குப்பிறகு கோட்டைப்பட்டினத்தில் நடந்ததை நீ என்னிடம் சொல்லவில்லை. காதர் கம்பவுண்டர் சொல்லித்தான் தெரியும். நீ வந்து சேர்ந்தபோது, நீ ஏற வேண்டிய அறந்தாங்கி பஸ் ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே நின்றதாம். கண்டக்டர் உன்னை அடையாளம் கண்டு, “வாங்கம்மா, ஒங்களுக்குத்தான் நிக்கிது” என்று கூப்பிட்டானாம். கம்பவுண்டர் பாட்டில்களுக்கு வைக்கோல் சுற்றித் துணியில் கட்டிக்கொண்டே, “நீ பஸ்ஸுல ஏறு தாயி. நான் யாரையாச்சும் புடிச்சு அனுப்புறேன்” என்றாராம். நீ, “அவங்க நடந்துதான பாய் போவாங்க?” என்று கேட்டாயாம். நீ மூட்டையை முதுகில் கட்டச் சொல்லித் திரும்பி நின்றாய். பஸ் உன்னைத் தாண்டிப் போனபோது நீ அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை என்று அவர் என்னிடம் சொன்னார்.

கண்ணாடிப் பாட்டில்களை முதுகில் சுமந்துகொண்டு, ஒன்றுகூட உடையாமல் நீ வந்து சேர்ந்தாய். ருக்கியாவுக்கு ஏற்றினோம். சாயங்காலத்துக்குள் கண் திறந்து, குழந்தையைக் கேட்டாள். முனியசாமியைப் பாயோடு ஓரமாக நகர்த்தி முகத்தை மூடியிருந்தோம். அவர் பெண்டாட்டி காளியம்மா, அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தவள், உன்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். உன் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னுங் கொஞ்சம் வெரசா வந்திருக்கக் கூடாதா ஆத்தா?” என்று கேட்டாள். நீ மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாய். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுதான் நீ அங்கிருந்து வந்தாய். இன்னும் அதை இறக்கி வைக்கவில்லை.

அன்றைக்கே உன்னிடம் சொன்னேன். நீ கேட்கிற நிலையில் இல்லை. வாயால் சொன்னது காற்றில் போயிற்று. அதனால் இப்போது எழுதுகிறேன், எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்துப் படித்துக்கொள். முனியசாமி செத்தது நீ கிளம்பிய சற்று நேரத்துக்கெல்லாம். நீ இன்னும் அந்த உடைந்த ஓடையைத் தாண்டியிருக்க மாட்டாய். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவள் நான். நீ சிறகு கட்டிப் பறந்திருந்தாலும் அவருக்கு ஆகியிருக்காது. அவரைக் கொன்றது அந்தக் கிணற்றுத் தண்ணீர். உன் கால் இல்லை.

அந்த வருஷம் உனக்குப் பதிலாக வேறொரு பெண் ஓடினாள். அணி தோற்றுத் திரும்பி வந்தது. ஊருக்கெல்லாம் ஓடியவளுக்கு எங்களுக்காக ஓட முடியவில்லையா என்று கூட ஓடிய பெண்கள் கொஞ்ச நாள் உன்னோடு பேசவில்லை. பரீட்சையிலும் நீ நினைத்த மார்க் வரவில்லை. மூன்று பக்கமும் அடி வாங்கிக்கொண்டு நீ வீட்டுக்கு வந்து நின்றபோது, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்தால் இப்படித்தான் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். நீ செய்ததில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அன்று அந்தக் கரையில் ஓடக்கூடியவள் நீ ஒருத்திதான் இருந்தாய். ஒருத்திதான் இருக்கும்போது யோசிப்பதற்கு என்ன இருக்கிறது?

இப்போது அப்படி இல்லையே, ஆத்தா. குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர உன்னோடு எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். போட்டி முடிகிறவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறேன் என்று அவர்களிடம் சொல். அந்தப் பிள்ளைகளுக்கு ‘அ’ எழுதக் கற்றுக்கொடுக்க நீ முப்பது வயதிலும் போகலாம், என் வயதிலும் போகலாம். கணக்குப் புத்தகமும் எங்கேயும் ஓடிப்போகாது. முதல் வகுப்பு வந்தால் சந்தோஷம். இரண்டாம் வகுப்பு வாங்கியவர்களும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக நன்றாகத்தான் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். படிக்காதே என்று நான் சொல்லவில்லை. நீ படிக்காமல் இருக்கிறவளும் இல்லை. ஆனால் நாலு வருஷம் கழித்து உன் கால் இப்படி இருக்காது. நாலு பிள்ளை பெற்ற பெண்களின் முழங்காலைத் தினமும் தொட்டுப் பார்க்கிறவள் சொல்கிறேன். மூன்றில் காத்திருக்க முடியாதது எதுவோ, அதை நீ முதலில் தூக்கிப் போடப் பார்க்கிறாய்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அன்று உன் ஓட்டம் ஒரு உயிருக்குப் பயன்பட்டது, அதனால் ஓடு என்று நான் சொல்லவில்லை. அப்படி நினைத்துக்கொண்டு ஓடினால் ஒவ்வொரு தடவையும் கோட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ செத்துக்கொண்டிருப்பதாக நினைத்துத்தான் ஓடுவாய். மனுஷியால் முடிகிற காரியம் இல்லை அது. யாருக்கும் பயன்படாமல் போனாலும் ஓடு. அன்று உன் உடம்பில் நான் பார்த்தேனே ஒரு சந்தோஷம், அதை நீயும் உணர்ந்திருக்கிறாய். சாவுக்கு நடுவில் நமக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததே என்று கூசிப்போய், அதற்குத்தான் சுயநலம் என்று பெயர் வைத்திருக்கிறாயோ என்று எனக்குத் தோன்றுகிறது. அது கூச வேண்டிய விஷயம் இல்லை. உயிரோடு இருக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும். சாவு வீட்டிலும் மார்பில் பால் சுரக்கத்தான் செய்கிறது. பசித்த குழந்தைக்கு அதைக் கொடுக்காமல் யாராவது கூச்சப்படுவார்களா?

உன் கடிதம் வருவதற்குச் சில நாள் முன்னால் காளியம்மா இங்கே வந்திருந்தாள். மூத்த மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அப்புறம் நான் அவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பெண் குழந்தை பிறந்தது. எல்லாம் முடிந்து நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். “நர்சம்மா, அன்னைக்கு நான் அந்தப் புள்ளைய என்னமோ கேட்டுப்புட்டேன்” என்றாள். “நீ கேட்டது எனக்குத் தெரியும்” என்றேன். “புத்தி நிதானத்துல கேக்கல தாயி. அந்த மனுசன் போனது எனக்குத் தெரியாதா? என் மடியிலதான போனாரு. யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டாத்தான் மூச்சு விட முடியும்னு இருந்துச்சு. ஓடி வந்த புள்ள எதுக்க நின்னுச்சு, கேட்டுப்புட்டேன்.” பிறகு, “அந்தப் புள்ள இப்பவும் ஓடுதா நர்சம்மா?” என்று கேட்டாள்.

“ஓடுறா” என்றேன். “மெட்ராஸுல ஓடுறா.”

“ஓடட்டும்” என்றாள். “நல்லா இருக்கட்டும்னு சொல்லுங்க.” சொல்லிவிட்டுப் பேத்தியைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். அதை உனக்கு எழுத வேண்டும் என்று நான் இன்லண்டு லெட்டர் வாங்கி வைத்திருந்தபோதுதான் உன் கடிதம் வந்தது.

இவ்வளவும் படித்த பிறகு, இல்லையம்மா, என் மனசு ஓட்டத்தில் இல்லை என்று உனக்குத் தோன்றினால் விட்டுவிடு. அலுத்துப்போய் விட்டால் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். செய்யாத குற்றத்துக்குத் தண்டனையாக விடாதே. அதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்.

நேரம் ஆகிவிட்டது. வெளியே யாரோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். முடிக்கும் முன்னால் என் பக்கத்துச் சங்கதி. நான் உத்தியோகத்தில் சேர்ந்ததிலிருந்து காய்ச்சல் வந்தால் தவிர லீவு எடுத்தவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் மைதானத்தில் நீ ஓடி நான் பார்த்ததே கிடையாது. அடுத்த மாதம் உன் தேர்வு நடக்கிற நாளை ஒட்டி டாக்டரிடம் லீவு கேட்டிருக்கிறேன். “ஊருக்குப் போறீங்களா சிஸ்டர்?” என்றார். “எம் பொண்ணு ஓடுறதப் பாக்கப் போறேன் சார்” என்றேன். உடனே சரி என்றுவிட்டார். மாமாவும் வருகிறேன் என்கிறான். அவன் கத்துகிற கத்தலுக்கு நீ தயாராக இரு.

நீ ஓடப்போவதில்லை என்று முடிவு செய்தாலும் நாங்கள் வந்துவிட்டுத்தான் போவோம். உன்னைப் பார்த்தும் நாளாகிறது. ஓடுவதாக இருந்தால், கோடு முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் எங்காவது நான் நின்றுகொண்டிருப்பேன். ஓடும்போது என்னைத் தேடாதே. முடித்துவிட்டு வா.

உன் அம்மா